பழைய தபாலாபீஸ் தெரு குழு

காய்க்கடை அண்ணன், காலை 8:12
புது மார்க்கெட் மாடியில் 22 கடை. இன்றைக்குத் திறந்திருப்பது ஆறு. எனக்கும் மேலேதான் கடை, வாடகை கட்டுகிறேன். வியாபாரம் என்னவோ படிக்கட்டுக்குக் கீழே கூடை வைத்துத்தான்.

கீழ்வீட்டு அத்தை, 8:15
வாடகை வராவிட்டால் நகராட்சிக்குத்தானே நஷ்டம். நமக்கென்ன?

கணக்கு மாமா, 8:21
அப்படி விட முடியாது அம்மா. கட்டடம் பாதி மானியம், பாதி கடன். கடை எல்லாம் ஏலம் போகும், வாடகையிலேயே தவணை கட்டிவிடலாம் என்று திட்ட அறிக்கையில் எழுதியிருந்தார்கள். 1979இல் சிறு, நடுத்தர நகரங்களுக்கான மத்திய அரசுத் திட்டம் வந்த நாளாக இதே கதைதான். பஸ் ஸ்டாண்டு கட்டு, மார்க்கெட் கட்டு, வருமானம் வரும்!

கல்லூரித் தம்பி, 8:24
தவணை கட்டாவிட்டால் ஜப்தியா மாமா? 😄

கணக்கு மாமா, 8:31
ஜப்தி எதற்கு? மாநில நிதி ஆணையக் கணக்கில் அரசு நமக்குத் தரும் பங்கிலேயே பிடித்துக்கொள்வார்கள். பணம் ஊருக்கு வருவதற்குள் குறைந்துவிடும். நான் வேலை பார்த்தபோது, பிடித்தம் போக மீதி என்று தாள் வந்தால் முதலில் அடி வாங்குவது தெருவிளக்கும் சாக்கடை வாருகிற வேலையும்தான். நம் முனை விளக்கு எத்தனை நாளாக எரியவில்லை?

கல்லூரித் தம்பி, 8:33
சென்னை மாநகராட்சி 2025இல் 200 கோடிக்குக் கடன் பத்திரம் போட்டதே. நாமும் போடலாமே?

கணக்கு மாமா, 8:37
நம் ஊரை நம்பி யார் தருவார்கள்? 2002 வாக்கில் 13 சின்ன ஊர்களை ஒரே கட்டாகக் கட்டித்தான் 30 கோடி சொச்சம் திரட்டினார்கள். அதுவும் குடிநீர், சாக்கடைக்கு. மாடிக் கடைக்கு இல்லை.

கீழ்வீட்டு அத்தை, 8:42
என் நாத்தனார் ஆலந்தூர். பாதாளச் சாக்கடைக்கு வீட்டுக்கு 5,000 ரூபாய் கேட்டார்கள். சீட்டு எடுத்துக் கட்டினாள். குழி தோண்டிய அன்று மேஸ்திரியை நகரவே விடவில்லையாம்.

கணக்கு மாமா, 8:46
அங்கேயும் கடன் உண்டு. தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியத்தில் வாங்கினார்கள். ஆனால் வீட்டுக்கு வீடு முன்பணம் வாங்கி, அப்புறம் மாதம் 150 ரூபாய் கட்டணமும் வைத்தார்கள். சொந்தப் பணம் போட்டவர்கள் சும்மா இருப்பார்களா? இங்கே மாடி வேண்டுமா என்று ஒரு கடைக்காரரையாவது கேட்டார்களா?

காய்க்கடை அண்ணன், 8:49
கேட்கவில்லை மாமா. ஏலத்தன்றுதான் மாடி என்றே தெரியும்.

கணக்கு மாமா, 8:53
சரி, தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுவோம். கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு, தவணை எந்த வருடம் வரை, மன்றத் தீர்மான நகல். தம்பி, நீ எழுது, நான் திருத்துகிறேன்.

கல்லூரித் தம்பி, 8:54
இன்று ராத்திரி எழுதித் தருகிறேன் 👍

கீழ்வீட்டு அத்தை, 8:55
காய்க்கடைத் தம்பி, ஒரு கட்டு கொத்தமல்லி எடுத்து வை. கூடையிலேயே வை, என் முட்டிக்கு மாடி ஆகாது.