டோஸ் காலத்து செக்ரோல் மென்பொருளைத் திறக்க வழி தேவை

ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தின் பழைய செக்ரோல் (தொழிலாளரின் வேலைநாள், சம்பளப் பதிவு) மென்பொருளைக் காப்பாற்றப் பார்க்கிறேன், முடியவில்லை. டோஸில் ஓடுவது, பாக்ஸ்புரோ 2.6 என்ற தரவுத்தள மென்பொருளில் எழுதியது, 1990களின் நடுப்பகுதி. அது இருந்த கணினி மலை ஈரத்தில் செத்துவிட்டது, ஹார்ட் டிஸ்க்கை மட்டும் நகலெடுத்தேன். டோஸைப் போல நடிக்கும் டாஸ்பாக்ஸில் போட்டால் முதல் திரை வருகிறது, அப்புறம் பூட்டு இல்லை என்று நின்றுவிடுகிறது. திருட்டு நகலைத் தடுக்க பிரிண்டர் போர்ட்டில் சொருகும் அந்தப் பூட்டு (டாங்கிள்), நெருப்புப்பெட்டி அளவு, கையில்தான் இருக்கிறது. லேப்டாப்பில் போர்ட் இல்லை. யூஎஸ்பி மாற்றி பிரிண்டருக்குத்தான் சரி, பூட்டைக் கண்டுகொள்ளவில்லை. டிபிஎஃப் (தரவு) கோப்புகள் லிப்ரே ஆபிஸில் திறக்கின்றன, ஆனால் எந்தக் குறி முழுப்பேர் (முழுநாள் வேலை), எது அரைப்பேர் (அரைநாள்) என்பது மென்பொருளுக்குத்தான் தெரியும் (ஈபிஎஃப், அதாவது ஊழியர் சேமலாப நிதி, கேட்டு வருகிறவர்களுக்கு அதுதானே வேண்டும்).

பிரிண்டர் போர்ட் உள்ள பழைய டெஸ்க்டாப்பில் லினக்ஸ் போட்டு, க்யூஇஎம்யூ என்ற மெய்நிகர் கணினி மென்பொருள் வழியாக அந்தப் போர்ட்டை உள்ளே கொடுத்தால் பூட்டை ஏற்குமா, யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?