மும்பையில் தர்மம்: கொடுத்தவங்களும் வாங்கினவங்களும் எழுதுங்க

செம்பூர்க்காரி:

தாதர் பாலம், சாயங்காலக் கூட்டம். கழுத்துல அட்டை, கையில டேப்லெட், "மேடம், ஏக் மினிட்". உங்க எல்லாருக்கும் பழக்கம்தான், விளக்க வேண்டாம். பசியில இருக்கிற குழந்தைகளுக்கு மாசாமாசம் ஆட்டோ டெபிட். வழக்கம்போல போனைக் காதுல வெச்சுக்கிட்டு நழுவப் பாத்தேன். அதுக்குள்ள அந்தப் பொண்ணுக்கே போன் வந்திருச்சு. திரும்பி நின்னு சன்னமா, தமிழ்ல: "இல்லம்மா, இன்னும் சாப்பிடல. இன்னிக்கு ஒருத்தராவது சேரட்டும், அப்புறம் சாப்பிட்டுக்கறேன்."

போனை வெச்சிட்டு சிரிச்ச முகத்தோட மறுபடி என் பக்கம் திரும்பி, பசிக்கிற குழந்தைகளைப் பத்தி ஹிந்தியில விட்ட இடத்துலேருந்து ஆரம்பிச்சா. எனக்குத் தமிழ் தெரியும்னு அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லல. சொன்னா கூச்சப்படுவாளோன்னு யோசிச்சுக்கிட்டு நிக்கும்போதே கூட்டம் என்னைப் படிக்கட்டுல இறக்கி விட்டிருச்சு.

எந்த அமைப்புன்னு எழுதப் போறதில்ல. கேக்காதீங்க.

பரேல் பக்கம்:

சித்தப்பாவுக்கு டாடா மெமோரியல் புற்றுநோய் ஆஸ்பத்திரியில வைத்தியம். தென்காசியிலேருந்து வந்தவர். ரூம் கிடைக்கிற வரைக்கும் வெளிய பிளாட்பாரத்துல தார்ப்பாய் கட்டி இருக்கிற குடும்பங்களுக்கு நடுவுலதான் எங்க பொழுது போச்சு. பீகார், வங்காளம், உ.பி., நம்ம ஊர் ஆளுங்க, எல்லாரும் உண்டு.

மத்தியானம் ஆனா வேன் வரும். ஒண்ணு இல்ல, ஒண்ணு பின்னால ஒண்ணு. பிறந்தநாள், திவசம், கம்பெனி விழான்னு பூரி பாஜி, வடா பாவ், லட்டு. ராத்திரியில ஒரு ஈ காக்கா வராது.

எங்களுக்குப் பக்கத்துல ஒருத்தர், வாய்ப் புற்று. தாடையில பாதி இல்ல, மூக்கு வழியா குழாய். அந்தக் குழாயில கஞ்சித் தண்ணி, பால், மாவுக் கரைசல் மட்டும்தான் போகும். டீ-சர்ட் போட்ட ஒரு பையன் அவர் மடியில வடா பாவ் பொட்டலத்தை வெச்சான். அவர் பேச முடியாம, குழாயைத் தொட்டுக் காட்டினார். பையன் புரிஞ்சுக்கிட்ட மாதிரி தலையாட்டிட்டு இன்னொரு பொட்டலத்தையும் எடுத்து வெச்சான். பின்னால ஒருத்தன் போட்டோ எடுத்துக்கிட்டே வந்தான்.

பையன் மேல கோவமே வரல, நல்ல மனசுதான். ஆனா அந்த இடத்துல வேலை செய்யறவங்க யார்கிட்டயாவது ஒரு வார்த்தை கேட்டிருந்தா வாங்கி வரவேண்டியது வேறன்னு தெரிஞ்சிருக்கும். கீமோ ஓடற குழந்தைக்கு ரத்தத்துல வெள்ளை அணு இறங்கிப் போயிருக்கும். வெளிச் சாப்பாடு, நறுக்கி வெச்ச பழம் எதுவுமே ஆகாது, கிருமி தொத்திரும். புற்றுநோய்க் குழந்தைகளுக்காக 2006-ல இங்க மும்பையில ஆரம்பிச்ச செயின்ட் ஜூட்ஸ் மையங்கள்ல குடும்பத்துக்கு ஒரு தங்கும் இடம் கொடுத்து, சமையலறையும் கொடுத்து, அம்மாவே சமைச்சுப் போடட்டும்னு விடறாங்க. காரணம் இதுதான்.

ரிட்டயர்டு ரயில்வே, மாட்டுங்கா:

அம்மா செம்பூர்க்காரி, தெருவில் நின்று கேட்பவர்களிடம் நகர்ந்து போனது சரியே. உணர்ச்சிவசப்பட வேண்டியதில்லை.

என் அனுபவம் சிறியது. 80-களில் குழந்தைகளுக்கான கிரை (CRY) அமைப்பின் வாழ்த்து அட்டைகளை எங்கள் ஆபீசில் எல்லோரும் வாங்குவோம். 1979-ல் ஏர் இந்தியாவில் வேலை பார்த்த ரிப்பன் கபூரும் நண்பர்கள் ஆறு பேரும் 50 ரூபாயுடன் இதே ஊரில் தொடங்கியது அது. அட்டை கைக்கு வரும், காசு குழந்தைகளுக்குப் போகும். யாரும் யாரையும் பாலத்தில் மறித்ததில்லை.

இப்போது கொடுக்க விரும்புவோர் கவனிக்க வேண்டியவை. நன்கொடைக்கு வருமான வரிக் கழிவு பெற்றுத்தரும் 80ஜி சான்று அமைப்புக்கு உள்ளதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலான அமைப்புகளுக்குக் கொடுத்ததில் பாதித் தொகைக்குத்தான் வரிக் கழிவு, அதற்கும் உச்சவரம்பு உண்டு. 2000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தக் கழிவும் கிடையாது. புதிய வரி முறைக்கு மாறியவர்களுக்கு 80ஜி அறவே இல்லை; இதைத் தெருவில் நிற்கும் பிள்ளைகள் சொல்ல மாட்டார்கள். ரசீது மட்டும் போதாது, ஆண்டு முடிந்த பிறகு அமைப்பு 10பிஇ என்ற நன்கொடைச் சான்றுப் படிவம் தர வேண்டும், கேட்டு வாங்குங்கள். ஆட்டோ டெபிட் போடாதீர்கள். வருடத்துக்கு ஒருமுறை நீங்களாகவே அனுப்புங்கள். அவர்களின் ஆண்டு அறிக்கையில் சம்பளம், விளம்பரம், நிதி திரட்டும் செலவு இவற்றைத் தனித்தனியாகப் பாருங்கள். அறிக்கையே இல்லையென்றால் அடுத்த அமைப்பைப் பார்க்கலாம்.

90 அடி ரோடு:

சார், நீங்க சொல்ற ரிப்போர்ட்டுல நான் போட்டோவா வந்திருக்கேன், அதனால கேக்குறேன். அதைப் படிச்சா என்ன தெரிஞ்சிரும்?

தாராவிதான் நமக்கு, அப்பா தோல் பட்டறையில வேலை. ஸ்கூல்ல படிக்கும்போது எனக்கு ஒரு ஸ்பான்சர் உண்டு. எந்த நாடுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. பீஸ், நோட்டு, செருப்பு எல்லாம் வந்துச்சு. நன்றி கெட்டவன்னு யாரும் சொல்லிராதீங்க, அந்தக் காசு இல்லன்னா நானும் பட்டறையிலதான் நின்னிருப்பேன். வருசத்துக்கு ஒரு கடுதாசி எழுதணும். போர்டுல டீச்சர் எழுதுவாங்க, நாங்க பாத்து எழுதுவோம், கடைசி ரெண்டு வரி மட்டும் சொந்தமா எழுதிக்கலாம்.

அந்த வருசம் நான் எழுதுனேன்: "எங்க வீட்ல கலர் டிவி வாங்கிருக்கோம். நீங்க வந்தா பாக்கலாம்." சேட்டு வீட்ல வேண்டாம்னு போட்ட பழைய டிவி அது, அப்பா தோள்ல தூக்கிட்டு வந்தாரு. டீச்சர் படிச்சிட்டு அந்தத் தாளைக் கிழிச்சு, புதுத் தாள் குடுத்தாங்க. "டிவி இருக்குன்னு எழுதுனா அவங்க நிறுத்திருவாங்கடா." அதுக்குப் பதிலா என்ன எழுதன்னு கேட்டேன். "மழைல கூரை ஒழுகுதுன்னு எழுது." ஒழுகுனது உண்மைதான் சார். பொய் எழுதச் சொல்லல. ஆனா நமக்கு அந்த வருசத்துச் சேதி டிவிதானே?

கோலிவாடா அக்கா:

எல்லாரும் கொடுக்கறதைப் பத்தியே பேசறீங்க. சட்டப்படி கிடைக்க வேண்டியதைக் கேட்டு வாங்கறது பத்தி ஒருத்தரும் எழுதல.

அம்மாவுக்கு இடுப்பெலும்பு உடைஞ்சிருச்சு. ஒரு பெரிய டிரஸ்ட் ஆஸ்பத்திரி, பேர் வேண்டாம். அங்க ஏழைகளுக்குக் கட்டில் உண்டுன்னு எங்க சால்ல, அதான் எங்க வரிசை வீட்டுல, ஒருத்தங்க சொன்னாங்க. பெரிய இடத்துக்குப் போறோமேன்னு இருந்ததுல நல்ல புடவையைக் கட்டிட்டுப் போனேன். யாரும் அப்படித்தானே போவாங்க? மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் ரேஷன் கார்டைப் பாக்கல, தாசில்தார் கொடுத்த வருமானச் சான்றைப் பாக்கல. என் புடவை முந்தானையைப் பாத்தார். "பாத்தா கஷ்டப்படற மாதிரி தெரியலையே"ன்னார் மராத்தியில. கட்டில் காலி இல்லன்னுட்டார்.

மறுநாளும் அதே புடவையைக் கட்டிட்டுத்தான் போனேன். அம்மா திட்டினாங்க, பழசைக் கட்டுடின்னு. மாட்டேன்னுட்டேன்.

இப்ப விஷயம். மகாராஷ்டிரா பொது அறக்கட்டளைச் சட்டம் 1950, பிரிவு 41ஏஏ. 2006-ல பாம்பே ஹைகோர்ட் இதுக்கு ஒரு திட்டமே வகுத்துக் கொடுத்திருக்கு. டிரஸ்ட் ஆஸ்பத்திரிகள் நூத்துக்குப் பத்து கட்டிலை ரொம்ப ஏழைகளுக்கு இலவசமாவும், இன்னொரு பத்தை வருமானம் குறைஞ்சவங்களுக்குச் சலுகையிலயும் ஒதுக்கணும். மத்த நோயாளிகள் பில்லுல ரெண்டு சதவீதத்தை இதுக்குன்னு தனி நிதியா வைக்கணும். இது அவங்க போடற பிச்சை இல்ல. வரிச் சலுகை எல்லாம் வாங்கிக்கிட்டுத்தானே நடத்தறாங்க! கட்டில் இல்லன்னா எழுத்துல கேளுங்க. எழுதித் தர மாட்டாங்க, ஆனா நீங்க கேட்டதும் பேச்சு மாறும். அதுக்கும் மசியலன்னா ஒர்லியில டிரஸ்ட்டுகளைக் கண்காணிக்கிற சாரிட்டி கமிஷனர் ஆபீஸ் இருக்கு, அங்க மனு கொடுக்கலாம். நான் "எழுதிக் கொடுங்க, ஒர்லிக்கு எடுத்துட்டுப் போகணும்"னு சொன்ன அன்னிக்கு மத்தியானமே கட்டில் காலியாச்சு.

ரிட்டயர்டு சார், உங்க 80ஜி எல்லாம் சரி. வருமான வரி கட்டாதவங்களும் இங்க இருக்கோம்.

ரிட்டயர்டு ரயில்வே, மாட்டுங்கா:

அக்கா சொன்ன 41ஏஏ நல்ல தகவல், குறித்துக்கொண்டேன். தம்பி 90 அடி ரோடு, கிழித்தது தவறு. ஆனால் அந்த டீச்சரின் நிலையையும் பாருங்கள், நாற்பது பிள்ளைகளின் பீஸ் அவர் கையில்.

90 அடி ரோடு:

அவங்க நிலை எனக்குப் புரியுது சார். ஸ்பான்சருக்கு டிவி புரியாதுன்னு அவங்களா முடிவு பண்ணிட்டாங்களே, அதத்தான் சொல்லுதேன். ஒருவேளை சந்தோசப்பட்டிருப்பாரோ என்னமோ.

பரேல் பக்கம்:

அக்கா, கட்டில் விஷயம் தெரியாம நாங்க சித்தப்பாவோட சும்மா அலைஞ்சோம். கடைசியில தாதர் காட்கே மகாராஜ் தர்மசாலையில இடம் கிடைச்சுது, சொற்ப வாடகைதான். இப்ப முதல் கட்ட வைத்தியம் முடிஞ்சு ஊருக்குக் கிளம்பணும். பிளைட்டுக்கு வசதி இல்ல, உக்காந்துக்கிட்டு அவ்வளவு தூரம் அவரால முடியாது.

ரிட்டயர்டு ரயில்வே, மாட்டுங்கா:

இதைக் கேட்காமலேயே சொல்லியிருப்பேன். புற்றுநோயாளிக்கு வைத்தியத்துக்குப் போகவும் வரவும் ரயிலில் சலுகை உண்டு. ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் நோயாளிக்கு அடிப்படைக் கட்டணம் முழுக்கத் தள்ளுபடி, துணைக்கு வரும் ஒருவருக்கு முக்கால் பங்கு. ஆஸ்பத்திரியில் ரயில்வே சலுகைப் படிவம் என்று கேளுங்கள், டாக்டர் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். அதை எடுத்துக்கொண்டு நேரே ரிசர்வேஷன் கவுன்டருக்குப் போங்கள். தாதர்–திருநெல்வேலி வண்டியில் கீழ்ப்படுக்கை கேளுங்கள்.

பரேல் பக்கம்:

தட்கல்ல செல்லுமா சார்? அடுத்த வாரமே கிளம்பணும்.

ரிட்டயர்டு ரயில்வே, மாட்டுங்கா:

தட்கலில் எந்தச் சலுகையும் செல்லாது. நாளைக் காலையிலேயே படிவத்தோடு கவுன்டரில் நில்லுங்கள். புற்றுநோயாளிகளுக்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறது, அதைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். கிளார்க் முணுமுணுப்பார், நகராதீர்கள்.