கோ-பவுண்டர் வேலைக்கு போய்ட்டான், 40% ஷேரை மட்டும் விடமாட்டேங்கறான். என்ன பண்றதுங்க?

நூல்கண்டு:
வணக்கம்ங்க. திருப்பூர்ல ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்கு சாஃப்ட்வேர் பண்றோம். துணி நிட்டிங்ல இருந்து டையிங், காம்பேக்டிங், பிரிண்டிங்னு கை மாறும்போது எத்தன கிலோ போச்சு, எத்தன கிலோ திரும்பி வந்துச்சு, ப்ராசஸ் லாஸ் நியாயமா இல்ல எவனாச்சும் அமுக்கிட்டானான்னு சலானை வெச்சே காட்டும். 2022 ஜூலைல ப்ரைவேட் லிமிடெட்டா போட்டோம். மொத்தம் 10,000 ஷேர், முகமதிப்பு 10 ரூபா. எனக்கு 5,000, காலேஜ் ஃப்ரெண்டுக்கு 4,000, பணம் போட்ட எங்க மாமாவுக்கு 1,000. டைரக்டர் நானும் ஃப்ரெண்டும் மட்டும்தான். பவுண்டர்ஸ் அக்ரிமென்ட் கெடையாது, ஆடிட்டர் குடுத்த ஸ்டாண்டர்ட் ஆர்டிகிள்ஸ்தான் (கம்பெனியோட உள்விதிகள்).

கோடு முக்காவாசி அவன் எழுதுனது. 2024 செப்டம்பர் கடைசி வரைக்கும் ஃபுல் டைம் இருந்தான், அப்புறம் கல்யாணம் ஆச்சு, வீட்ல பிரஷர், பெங்களூர்ல வேலை கெடச்சு போய்ட்டான். அதுல எனக்கு வருத்தம் இல்லீங்க. வாட்ஸப்ல "நான் வெளிய போறேன்டா, நீ பாத்துக்கோ"ன்னு ஒரு மெசேஜ், அவ்ளோதான் ரிசிக்னேஷன். பேங்க் அக்கவுண்ட்ல ரெண்டு பேரும் அப்ரூவ் பண்ணாத்தான் பணம் நகரும், மாசம் பொறந்தா பசங்க சம்பளத்துக்கு அவன் ஓடிபி எப்போ போடுவான்னு உக்காந்திருக்கணும்.

இப்போ சென்னைல ஒரு ஏஞ்சல் இன்வெஸ்டர் 2 கோடி வேல்யூவேஷன்ல வர ரெடி, ஆனா வேலையே பாக்காத ஆளு 40% வெச்சிருக்கற வரைக்கும் கையெழுத்து போட மாட்டேங்கறாரு. இத ஃப்ரெண்ட்கிட்ட சொன்னதுதான் தாமதம், "அப்போ என் பங்கு 80 லட்சம், உனக்காக 60க்கு தர்றேன், இல்லாட்டி அப்படியே கெடக்கட்டும்"ங்கறான். அவன் ஷேரை கேன்சல் பண்ண முடியுமா? புது ஷேர் போட்டு அவன் பர்சன்டேஜை கொறைக்கலாமா?

பனியன்_பாய்ஸ்:
மாமாவையும் சேத்தா 60% உங்க கைல இருக்குல்ல ப்ரோ, மீட்டிங் போட்டு தூக்கி வெளிய போடுங்க. இதுக்கு போய் இவ்ளோ நீளமா போஸ்ட்டு.

சிஎஸ்_மயிலாப்பூர்:
மேல சொன்னவர் பாதி சரி, அந்த பாதியும் உங்களுக்கு உதவாத பாதி. டைரக்டர் பதவி வேற, ஷேர் வேற. கம்பெனி சட்டம் 169வது பிரிவுல ஸ்பெஷல் நோட்டீஸ் குடுத்து, அவர் தரப்பையும் சொல்ல விட்டு, ஆர்டினரி ரெசல்யூஷன் (பாதிக்கு மேல ஓட்டு) போட்டு அவர டைரக்டர் சீட்ல இருந்து எடுக்கலாம், அதுக்கு 60% போதும். ஆனா எடுத்த மறுநாளும் 4,000 ஷேர் அவர் பேர்லதான் இருக்கும். அத கேன்சல் பண்ற அதிகாரம் போர்டுக்கும் இல்ல, உங்க மாமாவுக்கும் இல்ல. அது அவர் சொத்து. இவ்ளோ வருஷம் வேலை பாத்தாத்தான் இவ்ளோ ஷேர் உனக்குன்னு வெஸ்டிங் எழுதியிருந்தா கதை வேற. அதையும் ஆர்டிகிள்ஸ்ல ஏத்தியிருக்கணும். ஷேர் கைமாத்தறதுக்கு போடற கட்டுப்பாடு ஆர்டிகிள்ஸ்ல இல்லேன்னா கம்பெனியையோ ஷேர்ஹோல்டரையோ கட்டுப்படுத்தாதுன்னு ரங்கராஜ் வழக்குல 1991லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு.

புது ஷேர் விஷயம்: இன்வெஸ்டருக்கு ப்ரிஃபரன்ஷியல் அலாட்மென்ட் (அவருக்கு மட்டும் புது ஷேர் குடுக்கறது) போட ஸ்பெஷல் ரெசல்யூஷன் வேணும், ஓட்டு போடறவங்கள்ல முக்கால்வாசி. அவர் 40%ஐ வெச்சு வேணாம்னு போட்டா அங்கயே நின்னுடும். இன்வெஸ்டர் பயப்படறதும் இதுக்குத்தான்.

வாட்ஸப் மெசேஜை நம்பி எதையும் ஃபைல் பண்ணிடாதீங்க. தேதி போட்டு கையெழுத்தோட ரிசிக்னேஷன் லெட்டர் வாங்குங்க, அது வந்ததுல இருந்து 30 நாளுக்குள்ள ரிஜிஸ்ட்ரார்கிட்ட டிஐஆர்-12 ஃபார்ம் போடணும். ப்ரைவேட் கம்பெனிக்கு கொறஞ்சது ரெண்டு டைரக்டர் வேணும், அதனால மாமாவையோ வேற யாரையோ முன்னாடியே உள்ள கொண்டு வந்துடுங்க, டின் நம்பர் (டைரக்டர் அடையாள எண்), டிஜிட்டல் சிக்னேச்சர் எல்லாம் எடுக்கவே கொஞ்ச நாள் இழுக்கும். புது போர்டு ரெசல்யூஷனோட போய் பேங்க்ல சிக்னேட்டரிய மாத்துனா அந்த ஓடிபி தொல்லை அத்தோட விட்டுது.

யாரும் கேக்காத இன்னொன்னு சொல்றேன். அந்த கோடு யாருது? சம்பளம் குடுத்தீங்களா, அப்பாயின்மென்ட் லெட்டர் இருக்கா? இல்லேன்னா காப்பிரைட் சட்டப்படி எழுதுனவர்தான் முதல் ஓனர், கம்பெனி இல்ல. எழுத்துல அசைன்மென்ட், அதாவது உரிமைய கம்பெனிக்கு மாத்திக் குடுக்கற பேப்பர், வாங்கணும். அதுலயும் எத்தன வருஷத்துக்குன்னு போடலேன்னா சட்டம் அத 5 வருஷம்னு எடுத்துக்கும், எந்த ஊருக்குன்னு போடலேன்னா இந்தியாவுக்கு மட்டும்னு எடுத்துக்கும். இன்வெஸ்டரோட வக்கீல் மொதல்ல கேக்கற பேப்பரே இதாத்தான் இருக்கும் பாருங்க.

நூல்கண்டு:
ரொம்ப நன்றி சார். முதல் வருஷம் ரெண்டு பேருமே சம்பளம் எடுக்கல, லெட்டர்னு எதுவும் இல்ல. அது போக அவன் கைக்காசு 6 லட்சம் போட்டிருக்கான், புக்ஸ்ல அன்செக்யூர்டு லோன்னு இருக்கு. இன்னொரு ஐடியா, எங்க ஆடிட்டர் சொன்னது: ரைட்ஸ் இஷ்யூ போட்டு எல்லாரையும் புதுசா பணம் போட சொல்லலாம், அவன் போடமாட்டான், தானா கொறஞ்சிடும்னாரு. இது நடக்குமா?

சிஎஸ்_மயிலாப்பூர்:
ரைட்ஸ் இஷ்யூக்கு போர்டு முடிவு போதும், பேப்பர்ல நடக்கும். ஆனா இப்போதைக்கு போர்டுங்கறது நீங்களும் அவருந்தான், இதையே அவர் எப்படி பாஸ் பண்ணுவார்? அவர எடுத்துட்டு அடுத்த மாசமே முகமதிப்புக்கு ரைட்ஸ் போட்டீங்கன்னு வைங்க, பக்கத்துல 2 கோடி வேல்யூவேஷன் டேர்ம் ஷீட்டும் (இன்வெஸ்டரோட நிபந்தனை பேப்பர்) இருக்குன்னா, அவர அமுக்கத்தான் பண்ணீங்கன்னு சின்ன புள்ளைக்கு கூட புரியும். 10% ஷேர் இருந்தாலே கம்பெனி சட்டம் 241ல, பெரும்பான்மை என்ன அமுக்குதுன்னு ஆப்ரஷன் கேஸ் போடலாம், அவர்கிட்ட 40 இருக்கு. என்சிஎல்டி (கம்பெனி வழக்கு தீர்ப்பாயம்) சென்னை பெஞ்ச்ல ஒரு ஸ்டே வாங்கிட்டா உங்க இன்வெஸ்டர் காத்திருக்க மாட்டார். அந்த ஆடிட்டர் கணக்கு மட்டும் பாக்கட்டும்.

வெளிய_வந்தவன்:
நான் அந்த ஃப்ரெண்ட் எடத்துல இருந்தவன், அதனால அந்த பக்கத்துல இருந்து சொல்றேன் அண்ணா. அவன் 60 லட்சம் கேக்கறது பேராசைன்னு உங்களுக்கு தோணும், ஆனா அவன் மண்டைல ஓடறது வேற, சம்பளம் இல்லாத வருஷம், எல்லாரும் மாசம் லட்சத்துல வாங்கிட்டு இருந்தப்போ இவன் டையிங் யூனிட்ல கொதிக்கற சாயத்துக்கு பக்கத்துல நின்னு சலான் ஃபார்மேட் எழுதுனது, அதுக்கெல்லாம் ஒரு வெலை வேணும்ல. நீங்க ஷேரை கேன்சல் பண்ணலாமான்னு யோசிக்கறது அவன் காதுக்கு போச்சுன்னா அப்புறம் 60ங்கறது 80 ஆயிடும்.

நாங்க முடிச்ச விதம் என்னன்னா, எழுதாம விட்ட வெஸ்டிங்க எழுதியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு கணக்கு போட்டோம். உங்க கேஸ்ல போடுங்க: பொதுவா எல்லாரும் வெக்கறது 4 வருஷம், அதுல முதல் வருஷம் க்ளிஃப், அதுக்குள்ள போனா ஒண்ணும் கெடையாது. அவன் இருந்தது 27 மாசம். 48க்கு 27ன்னா 40%ல அவனுக்கு 22.5% வரும், மீதி 17.5%தான் திரும்பி வரவேண்டியது. சட்டப்படி இதுக்கு பலம் இல்ல, ஆனா ரெண்டு பேரும் மூஞ்சிய பாத்து பேச ஒரு நம்பர் கெடைக்கும். அதுல இருந்து இறங்கி வாங்க. எனக்கு கடைசில 9% நின்னுச்சு, மீதிக்கு பணம், அதுவும் நாலு தவணைல.

அப்புறம் அந்த 2 கோடி. அது இன்வெஸ்டர் சொல்ற வெலை, அவன் வெளிய போய் கோடு பேப்பர் எல்லாம் சுத்தமா இருந்தா மட்டும்தான் அந்த வெலை. அவன் கையெழுத்து போடலேன்னா 2 கோடியும் கெடையாது, 80 லட்சமும் கெடையாது. இத மெரட்டலா சொல்லாதீங்க, இன்வெஸ்டரையே ஒரு கால்ல சொல்ல வைங்க, மூணாவது மனுசன் சொன்னா ஏறும்.

6 லட்சத்த இதோட கலக்கவே கலக்காதீங்க. அது கடன். அத எப்போ தர்றீங்கன்னு மொதல் நாளே தேதி சொல்லுங்க, மத்த பேச்சு தானா இளகும். பேங்க் லோன் எதுக்காவது அவன் பர்சனல் கேரன்டி போட்டிருந்தா அதையும் பாருங்க, டைரக்டர் பதவிய விட்டா கேரன்டி போகாது. எனக்கு ராத்திரி தூக்கம் போனதே அதுக்குத்தான், ஷேருக்கு இல்ல.

சிஎஸ்_மயிலாப்பூர்:
இந்த தம்பி சொன்னதுதான் ரூட்டு. அது கூட மூணு விஷயம். ஒண்ணு, வாங்கறது நீங்களா இருக்கணும், கம்பெனி காசுல வாங்கணும்னா அது பைபேக், அதுக்கு ஃப்ரீ ரிசர்வ்னோ (சேத்து வெச்ச லாபம்) ஷேர் ப்ரீமியம்னோ (முகமதிப்புக்கு மேல வந்த பணம்) இருக்கணும், மூலதனமும் ஃப்ரீ ரிசர்வும் சேந்ததுல 25%தான் லிமிட் வேற. எஸ்ஹெச்-4 (ஷேர் ட்ரான்ஸ்ஃபர் ஃபார்ம்) போட்டு கைமாத்துங்க, ஸ்டாம்ப் டியூட்டி 0.015%தான், 10 லட்சத்துக்கு 150 ரூபா. ஷேர் டிமேட்ல இருந்தா எஸ்ஹெச்-4 வேலைக்கு ஆகாது, டிபி (டிமேட் கணக்கு வெச்சிருக்கற புரோக்கர் இல்ல பேங்க்) மூலமா போகணும். அடுத்தது வரி. ஃபேர் மார்க்கெட் வேல்யூவுக்கு கீழ வாங்கி வித்தியாசம் 50,000 தாண்டுனா உங்க வருமானத்துல ஏத்திடுவாங்க, அவருக்கும் அந்த வேல்யூல விட்டதாத்தான் கேபிடல் கெயின் பாப்பாங்க. இந்த கணக்கு புக் வேல்யூ பக்கமா போறது, இன்வெஸ்டர் சொல்ற 2 கோடி இல்ல, அதனால பெருசா அடிக்காது, இருந்தாலும் முன்னாடியே போட்டு பாத்துடுங்க. மூணாவது, ரிசிக்னேஷன், ஷேர் ட்ரான்ஸ்ஃபர், கோடு அசைன்மென்ட், முதல் தவணை எல்லாம் ஒரே டேபிள்ல ஒரே நாள்ல. தவணைய நம்பி அசைன்மென்ட்ட தள்ளி வெக்காதீங்க.

அவர் போட்டிக்கு வேற ஆப் போடக்கூடாதுன்னு எழுதலாம், ஆனா தொழில் பண்ணாதன்னு தடுக்கற ஒப்பந்தம் செல்லாதுன்னு ஒப்பந்த சட்டம் 27வது பிரிவு இருக்கு, கோர்ட்ல நிக்கறது கஷ்டம். அதுக்காக காசு கொறைக்காதீங்க.

பனியன்_பாய்ஸ்:
சரிங்க சார், என் கமெண்ட்ட வாபஸ் வாங்கிக்கறேன் 😄 ஆமா டொமைன் யார் மெயில் ஐடில இருக்கு? ப்ளே ஸ்டோர் அக்கவுண்ட்டு, சர்வர் ரூட் லாகின்?

நூல்கண்டு:
டொமைனும் ப்ளே ஸ்டோரும் அவன் பர்சனல் ஜிமெயில்லதான் இருக்குங்க... அதையும் லிஸ்ட்ல சேத்துட்டேன். 22.5ல ஆரம்பிக்கற கணக்க ஒரு ஷீட்ல போட்டு அனுப்பிச்சேன், கூடவே 6 லட்சத்துக்கு தேதியும். "ஞாயித்துக்கெழம ஊருக்கு வர்றேன், மாமாவை கூப்பிடாத, நாம ரெண்டு பேர் மட்டும் பேசலாம்"னு பதில் வந்திருக்கு. பேசிட்டு வந்து சொல்றேன்.