பார்தேர்: பூப்பாத்தியா, கோலப்பாத்தியா, கோலத்தரையா?

> பார்தேருக்குப் பூப்பாத்தி என்றே போட்டுவிடலாமே. எல்லாருக்கும் புரியும்.

புரியும், தப்பாகப் புரியும். பார்தேர் (parterre) என்பது பிரெஞ்சுத் தோட்டங்களில் மாளிகை முன்னே சமதரையில் போடும் உருவக்கோலம். நம் கலைச்சொல் பட்டியலில் அதற்குத்தான் தமிழ்ச்சொல் தேடுகிறோம். பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுத் தோட்டங்களில் பார்தேரின் உயர்ந்த வகை 'ப்ரோதரி'. அதில் பூ இருந்தால் ஓரப்பட்டையோடு சரி. நடுவே முழங்காலுக்கும் கீழே கத்தரித்த பக்சஸ் (அடர்ந்து வளரும் சிற்றிலைப் புதர்) செடிதான் சுருள் சுருளாகக் கோடு போடும். கோடுகளுக்கு இடையே நிறப்பொடி: செங்கல் தூள், கரித்தூள், மணல். 'ப்ரோதரி' துணியில் போடும் பூவேலையைக் குறிக்கும் சொல். தமிழில் 'பூவேலை' என்று வைத்தால் மறுபடியும் பூக் குழப்பம். என் பரிந்துரை கோலப்பாத்தி.

க.

----

> என் பரிந்துரை கோலப்பாத்தி.

'கோலம்' சரி. வேலைமுறையும் இடிக்கவில்லை. முதலில் நிலத்தை மட்டம் பார்த்துச் சமப்படுத்துவார்கள். தாளில் உள்ள வரைபடத்தைச் சதுரங்களாகப் பிரித்து, அதே எண்ணிக்கைச் சதுரங்களை முளையடித்து, கயிறு கட்டித் தரையில் எடுப்பார்கள். பிறகு ஒவ்வொரு சதுரமாக வளைவை வரைந்து, கோட்டின் மேலேயே சிறு பள்ளம் பறித்து, நாற்றை நெருக்கி நடுவார்கள். மட்டம் பிசகினால் மழைநீர் ஒரு பக்கம் தேங்கிப் பொடியெல்லாம் கலந்துவிடும். கத்தரிப்பு தவறினால் கோடு தடித்து உருவமே அடையாளம் தெரியாமல் போகும். மாளிகையின் மேல்மாடிச் சன்னலிலிருந்து பார்ப்பதற்கென்றே போட்டது என்பதால் அந்தப் பிசகு உடனே கண்ணில் படும்.

எனக்கு இடிப்பது 'பாத்தி'. நமக்குப் பாத்தி என்றால் வரப்பு கட்டித் தண்ணீர் விடும் இடம். வெர்சாய் மாளிகை முன்னே இருக்கும் இரண்டு பெரிய தடாகங்களுக்கும் 'நீர்ப் பார்தேர்' என்றுதான் பெயர். அதை 'நீர்ப்பாத்தி' என்றால் நாற்றங்கால் நினைவுதான் வரும்!

இன்னொன்று. பிரான்சின் வோ-ல-விகோம்த் மாளிகைத் தோட்டத்தில் பூஞ்சை நோயும் பக்சஸ் அந்துப்பூச்சியின் புழுவும் தாக்கியதால், 2019இல் செடிகளை எடுத்துவிட்டு அலுமினியத் தகடுகளை நட்டார்கள். செடியே இல்லாமலும் அது பார்தேராகத்தான் நின்றது. ஆகவே வரையறையில் செடியைக் கட்டாயம் ஆக்கக்கூடாது. 'பார் தேர்' என்பதற்குத் 'தரைமேல்' என்றே பொருள். கோலத்தரை என்று வைப்போம்.

ம.

----

கோலத்தரைக்கு என் ஒப்புதல். பிரெஞ்சு எழுத்தாளர் தெசாலியே தார்ழான்வில் 1709இல் வெளியிட்ட தோட்டக்கலை நூலின் வகைகளோடு பொருத்திப் பார்த்தேன். ப்ரோதரி = கொடிக் கோலத்தரை. புல்லை முதன்மையாக்கும் 'ஆங்கில' வகை = புல் கோலத்தரை. நீர் வகை = நீர்க் கோலத்தரை. பூவுக்கென்றே துண்டு துண்டாக வெட்டி, இடையில் நடைவழி விடும் வகைக்கு மட்டும் 'வெட்டுப்பாத்தி' போதும். அது உண்மையிலேயே பாத்திதான்.

வரையறை: 'மாளிகையை ஒட்டிய சமதரையில், மேலிருந்து பார்க்கும்படி, தாழ்ந்த செடி, புல், நீர், நிறப்பொடி முதலியவற்றால் அமைக்கும் உருவக்கோலம்.'

நாடக அரங்கின் கீழ்த்தள இருக்கைப் பகுதிக்கும் பிரெஞ்சில் பார்தேர் என்றே பெயர். அதற்குத் தனிப் பதிவு வேண்டும், இதோடு சேர்க்க வேண்டாம்.

செ.