புதுப்பிப்பு: அண்ணியின் பிரஷரும் டிஎஸ்எச்சும்

எட்டாம் மாதத்தில் அண்ணிக்கு பிரஷர் ஏறி, யூரினில் புரதமும் போய், கூடவே டிஎஸ்எச்சும் (தைராய்டு சுரப்பு குறையும்போது ஏறும் ஹார்மோன்) உயர்ந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று இங்கே கேட்டிருந்தேன். பிரசவம் ஆகிவிட்டது. பாப்பா எடை குறைவுதான், ஆனால் பால் குடிப்பதில் கெட்டி.

சம்பந்தம் உண்டு. அண்ணிக்கு வந்ததுபோல் கர்ப்பத்தில் பிரஷர் ஏறி யூரினில் புரதம் போவதற்கு ப்ரீ-எக்லாம்சியா என்று பெயர். அதில் நஞ்சுக்கொடி எஸ்எஃப்எல்டி-1 என்ற புரதத்தை அளவுக்கு மீறி ரத்தத்தில் விடுகிறது. ரத்தக்குழாய்களுக்குத் தேவையான விஇஜிஎஃப் என்ற வளர்ச்சிப் புரதத்தை அது பிடித்து வைத்துக்கொள்ளும். தைராய்டோ நுண்குழாய்கள் பின்னிக்கிடக்கிற சுரப்பி, சும்மா இருக்குமா? விஇஜிஎஃப் வழியை அடைக்கும் சுனிடினிப் என்ற புற்றுநோய் மருந்து எடுப்பவர்கள் பலருக்கும் தைராய்டு சுரப்பு குறைகிறது.

2009இல் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்த ஆய்வில், ப்ரீ-எக்லாம்சியா வந்தவர்களின் டிஎஸ்எச் பிரசவத்துக்கு முன் சுமார் 2.4 மடங்காகியிருந்தது, வராதவர்களுக்கு 1.5 மடங்குதான். நார்வேயில் பல வருடம் கழித்துப் பார்த்தபோதும், குறிப்பாக இரண்டு பிரசவத்திலும் இது வந்தவர்களிடம், டிஎஸ்எச் கூடுதலாகவே இருந்தது.

"நஞ்சு விழுந்துட்டா எல்லாம் சரியாப்போயிடும்" என்றார் பெரியம்மா. பிரஷர் இறங்கிவிட்டது, வாஸ்தவம். தைராய்டை மட்டும் ஆறாவது வாரம் மறுபடி பார்க்கச் சொல்லி டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதுவரை காலையில் வெறும் வயிற்றில் குட்டி தைராய்டு மாத்திரை தொடர்கிறது.