புதுப்பிப்பு: லெஸ்போஸ் தீவில் ஆறு வாரம்

கிரேக்க மொழியில் ஓர் எழுத்தும் தெரியாமல், கடன் வாங்கிக்கொண்டு, கிரீஸ் நாட்டின் லெஸ்போஸ் தீவில் களஉயிரியல் படிக்கப் போகலாமா என்று ஜனவரியில் இங்கே கேட்டிருந்தேன். வேண்டாம் என்றவர்களே அதிகம். போய்விட்டு வந்துவிட்டேன்.

90 நாளுக்குள் என்பதால், ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவே போதும். அது கைக்கு வந்தது கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு; அந்தக் கதை இப்போது வேண்டாம்.

எங்கள் களம் கல்லோனி வளைகுடா. அரிஸ்டாட்டில் ஏறத்தாழ 2,300 ஆண்டுகளுக்கு முன் மீனையும் சிப்பியையும் கவனித்துக் குறிப்பெழுதிய அதே நீர். குளிர்காலத்தில் மீன்கள் இங்கிருந்து வெளியேறிவிடும் என்பது வரை எழுதி வைத்திருக்கிறார்.

முழங்கால் அளவு நீரில் நின்று முதல் கடல் முள்ளெலியை (sea urchin, உடலெங்கும் முள் கொண்ட உருண்டைக் கடலுயிரி) எடுத்துக் கவிழ்த்தேன். அடிப்புறத்தில் வாய், அதில் ஐந்து வெள்ளைப் பற்கள். அதன் மேலோட்டைக் கத்தரியால் திறந்தால் ஐந்து தாடைகள் கோத்த சிறு கூண்டு, சுற்றுத்தகடு கழன்ற விளக்குப் போல. அப்படி ஒப்பிட்டவரும் அரிஸ்டாட்டில்தான். இன்றும் அதற்கு 'அரிஸ்டாட்டிலின் விளக்கு' என்றே பெயர். படத்தில் பத்து முறை பார்த்த எனக்கு அது அசையும் என்று அன்றுதான் உறைத்தது.

உப்பளத்தில் பூநாரைகளை எண்ணும் வேலையில் மட்டும் படுதோல்வி. மூன்று முறை எண்ணினேன், மூன்று விடை.

மொழி பற்றிக் கேட்டவர்களுக்கு: வகுப்பு ஆங்கிலத்தில்தான். கட்டைவிரலில் முறிந்த முள்ளுக்கு வினிகர் ஊற்றிய வீட்டுக்காரப் பாட்டியிடம் பேச மொழி தேவைப்படவில்லை. திட்டினார் என்பது நன்றாகவே புரிந்தது. கடனில் பாதி இன்னும் பாக்கி.