செல்ஃப் மோட்டார் கேபிளில் லக் வைக்கிறேன், ஈயம் பிடிக்கவே மாட்டேன் என்கிறது

கார்த்தி_ஒயரிங்:
வணக்கம். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து செல்ஃப் மோட்டாருக்கு (எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் மோட்டார்) போகும் 35 ஸ்கொயர் எம்எம் கேபிளில் லக் (கேபிள் முனையைப் போல்ட்டில் மாட்டும் உலோகக் கண்ணி) கழுத்தோடு முறிந்துவிட்டது. கேபிளைக் கழற்றி வைத்துப் புது செம்பு லக் பற்றவைக்கப் பார்க்கிறேன். கையில் இருப்பது 60 வாட் சால்டரிங் அயர்ன், 60/40 ஈயம் (வெள்ளீயமும் காரீயமும் கலந்த சால்டர்). எவ்வளவு நேரம் வைத்தாலும் ஈயம் முத்துமுத்தாக உருண்டு நிற்கிறது, இழைகளுக்குள் இறங்கவில்லை. அதற்குள் மேலே உள்ள பிவிசி உறை இளகிச் சுருங்கிவிடுகிறது. 100 வாட் அயர்ன் வாங்கினால் சரியாகுமா? லக் முறிவதற்கு முன்பே செல்ஃப் கொஞ்சம் இழுத்து இழுத்துத்தான் சுற்றும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பழைய_டைனமோ:
தம்பி, 100 வாட் வாங்கினாலும் இதே கதைதான். இவ்வளவு தடித்த செம்பு, நீங்கள் கொடுக்கிற சூட்டைக் கேபிள் நெடுகக் கடத்திக்கொண்டே போகும். அயர்ன் முனையில் 350 டிகிரி இருக்கலாம். ஆனால் லக் 190 டிகிரியைத் தொடாமல் 60/40 ஈயம் முழுதாக உருகி ஓடாது. நேரம் இழுக்க இழுக்க உறைதான் வேகும். இதற்கு கேஸ் டார்ச் வேண்டும், சட்டென்று சூடேற்றிச் சட்டென்று முடிக்க.

ஆனால் எனக்குச் சந்தேகம் வேறு இடத்தில். இழைகள் என்ன நிறத்தில் இருக்கின்றன? உறையை இரண்டு செ.மீ. சீவிவிட்டுப் பார்த்துச் சொல்லுங்கள். கருத்துப்போன செம்பில் ஈயம் ஒட்டாது, இப்படித்தான் உருளும்.

ஹெக்ஸ்_டை:
நான் சால்டரே வேண்டாம் என்பேன். ஈயம் இழைகளுக்கு நடுவே ஏறி உறைக்குள்ளும் போய்விடும். அது போன தூரம் வரைக்கும் கேபிள் ஒரே கம்பியாக விறைத்துவிடும். எஞ்சின் அதிர அதிர, விறைத்த பகுதி முடிகிற இடத்தில்தான் இழைகள் ஒவ்வொன்றாக அறும். ஹைட்ராலிக் கிரிம்பிங் டூலில் (லக்கை நசுக்கி இறுக்கும் கருவி) 35-க்கான அறுகோண டை (அச்சு) போட்டு ஒரு அழுத்து அழுத்தினால் இழைகளும் லக்கும் இடைவெளி இல்லாமல் இறுகிவிடும். சூடே தேவையில்லை.

அப்புறம், ஒரு இழையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். அதில் ஈயத்தோடு மல்லுக்கட்டுவது வீண்.

பழைய_டைனமோ:
கிரிம்பிங் தான் முதல் வழி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டூல் கிடைக்காதவர் சுத்தியலால் தட்டி நசுக்குவதை விட ஒழுங்காகச் செய்த சால்டர் ஆயிரம் மடங்கு மேல். படகுகளுக்கான அமெரிக்க ஏ.பி.ஒய்.சி. தரநிலைகூட, பொதுவாக சால்டரை மட்டும் நம்பி இணைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டு, பேட்டரி லக்குக்கு மட்டும் விலக்கு கொடுக்கிறது. கம்பியின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளத்துக்காவது ஈயம் பிடித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

செய்யும் விதம் இது. லக்கின் குழி மேலே பார்க்கும்படி வைஸில் நிறுத்துங்கள். தாடைக்கும் லக்குக்கும் நடுவே மரத்துண்டு வையுங்கள், இல்லாவிட்டால் வைஸே சூட்டை உறிஞ்சிவிடும். இழைகளில் ரோசின் ஃப்ளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவும் பசை) தடவி, முனையில் மட்டும் மெல்லியதாக ஈயம் பூசிக்கொள்ளுங்கள். குழாய் வேலைக்கு விற்கும் ஆசிட் பேஸ்ட் வேண்டவே வேண்டாம், இழைகளுக்குள் தங்கி உள்ளிருந்தே அரிக்கும். டார்ச் சுடர் லக்கின் வெளிப்புறத்தில் படட்டும். ஈயத்தைக் குழிக்குள் காட்டும்போது அது தானாக உருகி இறங்க வேண்டும். பாதிக் குழி நிறைந்ததும் கேபிளை உள்ளே இறக்கி, சுடரை எடுத்துவிட்டு ஆடாமல் பிடியுங்கள். ஈயம் இறுகும் நேரத்தில் கை அசைந்தால் டிரை சால்டர்தான், அதாவது சரியாகப் பிடிக்காத இணைப்பு. உறை தொடங்கும் இடத்தில் ஈரத்துணி சுற்றினால் உறையும் தப்பும், ஈயம் மேலே ஏறுவதும் குறையும்.

கார்த்தி_ஒயரிங்:
நன்றி அண்ணா. சுரண்டிப் பார்த்தேன், உள்ளே சிவப்புதான், செம்பேதான். ஆனால் சீவிய இடமெல்லாம் கருப்பு. இன்னும் ஐந்து செ.மீ. உள்ளே போனாலும் அதே கருப்பு, சில இடத்தில் பச்சைப் பொடி. உப்புத்தாள் போட்டால் சரியாகுமா?

ஹெக்ஸ்_டை:
வெளி அடுக்கு மட்டும் பளபளக்கும், நடுவில் உள்ள இழைகளை எப்படித் தேய்ப்பீர்கள்? பேட்டரி ஆசிட் உள்ளே ஊறிப் போயிருக்கிறது. கேபிளையே மாற்றுங்கள். செல்ஃப் இழுத்துச் சுற்றியதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். நல்ல 35 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒரு மீட்டருக்கு அரை மில்லி ஓம் அளவில்தான் தடை காட்டும். 200 ஆம்பியர் ஓடினாலும் 0.1 வோல்ட்தான் இழக்கும். இணைப்பில் கூடுதலாக ஒரு மில்லி ஓம் ஏறினால் அங்கேயே 40 வாட் சூடாகிறது என்று கணக்கு.

மாட்டிய பிறகு மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனை பேட்டரி கம்பத்தில், மறுமுனை செல்ஃப் மோட்டார் போல்ட்டில் தொட்டபடி, ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அப்போது காட்டுவதுதான் கேபிளில் இழக்கும் வோல்ட். ஓம் ரேஞ்சில் பார்த்தால் எதுவும் தெரியாது.

பழைய_டைனமோ:
மாட்டும்போது மைனஸ் கடைசியாக. கழற்றும்போது அதுதான் முதலில். டார்ச் வேலை எதுவாக இருந்தாலும் பேட்டரி பக்கத்தில் வேண்டாம், சார்ஜ் ஏறும் பேட்டரி ஹைட்ரஜன் விடும்.

கார்த்தி_ஒயரிங்:
புது கேபிள் வாங்கி, இரண்டு முனையிலும் ஹைட்ராலிக் டூலில் கிரிம்ப் செய்து மாட்டிவிட்டேன். செல்ஃப் அடிக்கும்போது 0.16 வோல்ட் காட்டுகிறது, கேபிள் ஒரு மீட்டருக்குச் சற்று மேல். செல்ஃப் இப்போது நன்றாகவே சுற்றுகிறது. கிரிம்ப் செய்ததன் மேல் கொஞ்சம் ஈயமும் விட்டால் இன்னும் உறுதியாக இருக்குமா?

ஹெக்ஸ்_டை:
விடாதீர்கள். சரியாக இறுகிய கிரிம்பில் ஈயம் நுழைய இடமே இருக்காது. பின்பக்கம் வழியாக இழைகளில் ஏறி, முதலில் சொன்ன விறைப்பைத்தான் கொண்டுவரும். 0.16 நல்ல அளவு. உள்ளே பசை பூசிய ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவை லக் கழுத்திலிருந்து உறை மேல் வரை ஏற்றிச் சூடு காட்டிச் சுருக்குங்கள், ஈரமும் ஆசிட் ஆவியும் உள்ளே போகாது. பிறகு லக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி கேபிளுக்கு ஒரு கிளாம்ப் போடுங்கள். அந்த இடைவெளியில் கேபிள் கொஞ்சம் தொய்வாக வளைந்திருக்கட்டும், விறைப்பாக இழுத்துக் கட்டினால் அதிர்வு நேராக லக் கழுத்துக்குத்தான் போகும்.